ஷட்டர் சத்தம் கேட்டால் லென்ஸை மாற்று

லென்ஸ் பையை மேசைமேல் கவிழ்த்தபோது அட்சதையும் சேர்ந்து கொட்டியது. மஞ்சள் பூசிய அரிசி, நாலைந்து மணி. பையின் அடித் தையலுக்குள் எத்தனை முகூர்த்தமாக ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசனை எப்போதோ போய்விட்டது. ரப்பரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் பழைய கேன்வாஸ் துணியும் சேர்ந்த நம் பையின் வாசனைதான் இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் "இன்னா மச்சி, பொங்கல் வைக்கப் போறியா?" என்று கேட்டிருப்பாய்.

பையைக் காலி செய்தது சும்மா இல்லை. நம் கேமராக்களையும் லென்ஸ்களையும் கடையில் கொடுத்துவிட்டு, கனம் குறைந்த மிரர்லெஸ் கேமராவுக்கு மாறலாமா என்று ஆறு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். வலது மணிக்கட்டு போய்விட்டது. அடையாறில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். "வெயிட் தூக்குற வேலைய விட்டுடுங்க" என்றார். போட்டோகிராஃபர் என்றேன். "கேமரா என்ன பெரிய வெயிட்டா?" என்று சிரித்தார். பையிலிருந்து பெரிய லென்ஸோடு எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிய வேகத்தில் அவர் கை மேசைவரை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த முடிவை உன்னிடம் கேட்காமல் எடுக்க முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் பழகியதே லென்ஸால்தான். மாம்பலத்தில் அந்தக் கல்யாணத்தில் பெண் வீட்டார் உன்னை அமர்த்தியிருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் என்னை. ஒரே மணவறை, இரண்டு போட்டோகிராஃபர்கள். காலையிலிருந்து மதியம்வரை உன் முழங்கை என் விலாவில்தான் இருந்தது. "நைனா, கொஞ்சம் தள்ளு, இது பொண்ணு வூட்டு சைடு" என்று நீ சொன்னாய். நான் பதிலுக்கு ஏதோ சூடாகச் சொன்னேன். பந்தி முடிந்த பிறகு என் லென்ஸ் ஒன்று குவியாமல் மக்கர் செய்தபோது, நீயாக வந்து உன் லென்ஸைக் கழற்றி நீட்டினாய். என் கேமராவில் மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இருவருடைய கேமராவும் ஒரே கம்பெனி, இரண்டும் பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃபிரேம். "அப்ப நாம சொந்தக்காரங்க மச்சி" என்றாய். மயிலாப்பூரில் உருது பேசும் வீட்டுப் பிள்ளை நீ. நான் தி.நகரில் பாத்திரக் கடை வைத்த திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பிள்ளை. அன்றைக்குப் பிறகு நமக்கு ஒரே பைதான். அதில் எது உன் லென்ஸ், எது என் லென்ஸ் என்று ஐந்து வருடத்தில் நமக்கே மறந்துபோனது.

நம் விதியை நீதான் வகுத்தாய். ஆளுக்கு ஒரு கேமரா, எதிரெதிர் பக்கம். ஒரே நேரத்தில் இருவரும் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. மாற்ற வேண்டும் என்றால், எதிர்ப்பக்கம் ஷட்டர் சத்தம் கேட்கும்வரை காத்திரு. சத்தம் கேட்டால் அவன் எடுக்கிறான் என்று அர்த்தம், நீ மாற்றிக்கொள். கெட்டிமேளம் கொட்டும்போது காது உதவாது, அப்போது இருவரும் எதையும் தொடக் கூடாது. அவ்வளவுதான். அந்தக் கேமராக்களுக்குள் சின்னக் கண்ணாடி ஒன்று ஒவ்வொரு படத்துக்கும் மேலே எகிறி இறங்கும். அந்த 'டடக்'தான் நமக்குப் பேச்சு. கூட்டத்தில் உன் தலை தெரியாது, உன் டடக் மட்டும் தெரியும். மூன்று வேகமாக, பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு ஒன்று. ஆயிரம் ஷட்டருக்கு நடுவில் உன்னுடையதைச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் நீ அந்தச் சின்ன மிரர்லெஸ்ஸை வாங்கினாய். சென்சாரும் சின்னது. கண்ணாடி கிடையாது, அதனால் எகிறவும் ஒன்றும் கிடையாது. சத்தத்தை முழுக்க அணைத்தும் வைக்கலாம். டிபன் டப்பா மாதிரி கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாய். மண்டப இருட்டில் இது தாங்காது, படமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும் என்றேன். "ஆல்பத்துல படம் ஒரு சாண்தான வருது? அதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ பெரிய சென்சாரு? உனக்கு பெருமைக்கு தூக்கணும் மச்சி" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால்தான் சுருக்கென்றது. பெரிய லென்ஸோடு மண்டபத்துக்குள் நுழைந்தால் மாப்பிள்ளையின் மாமாவே வழிவிடுவார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கேமராவோடு நீ வந்த முதல் கல்யாணம் நினைவிருக்கும். பெண்ணின் அப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். தாரை வார்க்கும்போது அவரை நாலு பேர் தூக்கி மணவறையில் உட்கார வைத்தார்கள். நாதஸ்வரக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், மேளம் ஓய்ந்திருந்தது, ஐயர் குரல் மட்டும்தான். என்னிடம் அகன்ற லென்ஸ். கைகளைக் கிட்டத்தில் எடுக்க மற்றதை மாட்ட வேண்டும். உன் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. நீ எடுக்கவில்லை, அப்படியென்றால் நான் நிறுத்தக் கூடாது என்று விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். இதற்குள் பெண்ணின் பெரியப்பா எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். அவர் சட்டையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் நீ அதுவரை சத்தமே இல்லாமல் நிறைய எடுத்திருக்கிறாய். என் ஷட்டர் படபடப்பதைக் கேட்டு, அவன் பார்த்துக்கொள்கிறான் என்று நிம்மதியாக லென்ஸைக் கழற்றிவிட்டாய். அந்த நேரத்தில்தான் பெண்ணின் அம்மா செம்பைச் சாய்த்தார். அப்பாவின் நடுங்கும் கை, பெண்ணின் கை, மாப்பிள்ளையின் கை, மேலே விழும் தண்ணீர். நம் இருவரிடமும் இல்லை.

வீடியோவில் இருந்தது, அதிலிருந்து ஒரு காட்சியை உருவி ஆல்பத்தில் சின்னதாக வைத்தோம். நீதான் அந்த வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாய். பெரிதாகக் கோபப்படவில்லை அவர்கள். கோபப்பட்டது நான். அன்றைக்கு மத்தியானமே, மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம், இலை போடுகிறவர்கள் எல்லாரும் பார்க்க, உன்னைப் பார்த்துக் கத்தினேன். "இந்தப் பொம்மைய வச்சிக்கிட்டு இனிமே என்கூட கல்யாணத்துக்கு வராதே." நீ கேமராவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாய். "சாப்பிட வா மச்சி, பாயசம் ஆறுது" என்றாய்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பழைய கேமராவோடு வந்தாய். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்தச் சின்ன கேமராவை நான் பார்க்கவே இல்லை. பேச்சும் எடுக்கவில்லை நீ. தோளைத் தேய்த்துக்கொண்டே பெரிய பையைத் தூக்குவாய். நான் பார்ப்பேன், பார்க்காத மாதிரி இருப்பேன். பிறகு ஒரு காலையில் உன் மனைவி, எனக்குப் பாபி, போன் செய்தார், வீட்டிலேயே நெஞ்சு வலி என்று. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இந்த இரண்டு வருடமும் நான் சுமந்தது இதைத்தான். நான் கத்தியதால்தான் நீ அதைப் பெட்டிக்குள் வைத்தாய். நான் கத்தியதால்தான் ஐந்து வருடம் அந்தக் கனத்தைத் தூக்கினாய். இப்போது என் கை வலிக்கிறது என்றதும் நான் மட்டும் லேசான கேமராவுக்கு மாறுவதா? அதைவிட வெட்கங்கெட்ட வேலை இருக்குமா? கேமராக் கடை வாசல்வரை போய் மூன்று தடவை திரும்பி வந்தேன்.

செல்வியை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு என்னோடு சேர்ந்தவள். பெருங்குடியில் ஐ.டி. கம்பெனியில் பத்து வருடம் இருந்துவிட்டு, பிடிக்கவில்லை என்று வந்துவிட்டாள். கை நல்ல கை. நீ வைத்திருந்த பழைய பெரிய கேமராவைத்தான் இரண்டு வருடமாக அவள் தூக்குகிறாள். ஒரு நாள் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "சொந்தமா ஒண்ணு வாங்கிக்கோயேன்" என்றேன். "இருக்குண்ணா" என்றாள். "மிரர்லெஸ். சேர்றப்பவே வச்சிருந்தேன். சத்தம் வர்ற கேமராதான் வேணும்னு நீங்க மொத நாளே சொல்லிட்டீங்க. அதான் வீட்டுல வச்சிட்டு வரேன்." கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, "தை முகூர்த்தத்துக்கு என்னால இத தூக்க முடியாதுண்ணா. ஒண்ணு நான் என் கேமராவோட வரேன், இல்லன்னா வேற ஆள் பாருங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் உறைத்தது. உனக்குச் செய்ததை இன்னொருத்திக்கும் செய்துகொண்டிருக்கிறேன், அதுவும் தெரியாமலே.

அந்த வாரமே கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் உன் சந்துக்குப் போனேன். பையில் பாதி உன்னுடையது. பாபியிடம் கேட்காமல் கொடுக்க முடியாது. பாபி கதவைத் திறந்தார். என் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"வலிக்க ஆரம்பிச்சிடுச்சா அண்ணே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவரு சொல்லிக்கினே இருப்பாரு. அவனுக்கு ஒரு நாள் கை வலிக்கும், அன்னிக்கு அவனே வருவான் பாருன்னு. நீங்க இப்பதான் வர்றீங்க." சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார்.

டீ வந்ததும், பையைக் கொடுக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தவன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சமையல்கட்டுப் பக்கம் கத்தியது, நீ பெட்டிக்குள் வைத்தது, தோள் வலி, எல்லாம். நான் திட்டியதால்தான் நீ அதை விட்டாய் என்றும் சொன்னேன். பாபி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

"நீங்க திட்டினதா? அத வூட்டுக்கு வந்து நடிச்சே காட்டினாரு. கோவம் வந்தா உங்க மூக்கு மட்டும் செவக்குமாமே? பொண்ணு வுழுந்து வுழுந்து சிரிச்சா." நிறுத்திவிட்டு, "அண்ணே, உங்க பேச்ச கேட்டு அவரு என்னிக்காச்சும் ஒரு வேல செஞ்சிருக்காரா? டீக்கு சக்கரைய கொறைங்கன்னு எத்தினி தபா சொன்னீங்க? சிகரெட்ட வுடுங்கன்னு எத்தினி தபா? அதெல்லாம் கேக்காதவரு இத மட்டும் கேட்டுட்டாரா?" என்றார்.

சரிதான். என் பேச்சைக் கேட்டு நீ என்றைக்கு நடந்தாய்? அதை யோசிக்க எனக்கு இரண்டு வருடம் தோன்றவே இல்லை.

"பின்ன ஏன் பாபி அதை எடுத்து வரல?"

"அன்னிக்கி ராத்திரி சாப்புடும்போது சொன்னாரு. கேமரா நல்லாதான் கீது, தப்பு அதும் மேல இல்ல. அங்க நாங்க ரெண்டு பேரு, அவன் காதாலதான் என்ன பாக்கறான். ஒருத்தன் மட்டும் மாறினா இப்டித்தான் ஆவும். மாறினா ரெண்டு பேரும் ஒரே நாள்ல மாறணும். அவனுக்கு பொறுமையா வரட்டும், எனக்கு இன்னா அவசரம்னாரு."

இரண்டாவது டீயையும் குடித்துவிட்டு, கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டேன். அந்தப் பையின் கனம்தானா, நெஞ்சு வலிக்கு?

"பை தூக்கினா நெஞ்சு அடைக்குமா அண்ணே?" பாபியின் குரல் முதல்முறை உடைந்தது. "ஆஸ்பத்திரிலயே சொன்னாங்க. சிகரெட்டுதான். ஒரு நாளைக்கு ரெண்டுன்னு என்னாண்ட கணக்கு சொல்லுவாரு. பாக்கெட் பாக்கெட்டா ஊதியிருக்காரு. நான் அதுக்கே அவர இன்னும் மன்னிக்கல. நீங்க வேற நடுவுல வந்து பழிய தூக்கிக்கினு போறீங்க."

அழுதுவிட்டேன். பாபியும் அழுதார். பிறகு இருவரும் உன்னைக் கொஞ்சம் திட்டினோம். அது நன்றாக இருந்தது.

கிளம்பும்போது ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினார். அந்தச் சின்ன கேமராவில் நீ எடுத்த படங்கள். கல்யாணத்துக்குத்தான் கொண்டு வரவில்லையே தவிர, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திருவான்மியூர் கடற்கரைக்குக் கொண்டு போயிருக்கிறாய். அலைக்குப் பயந்து புடவையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும் பாபி, முறைக்கும் மகள், சுண்டலுக்குச் சண்டை போடும் யாரோ இரண்டு பேர். ஓரத்தில் நான். பெருநாள் பிரியாணியைத் தின்றுவிட்டு உன் வீட்டு சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறேன். சத்தம் வந்திருந்தால் எழுந்திருப்பேன். ஐந்து வருடம் இதை என்னிடம் காட்டாமல் வைத்திருந்தாயே, பாவி. கேமரா இப்போது உன் மகளிடம் இருக்கிறதாம், காலேஜுக்குத் தூக்கிக்கொண்டு போகிறாளாம். பையைக் கொடுத்துவிடுங்கள் என்று பாபி சொல்லிவிட்டார். உன் பங்குப் பணத்தில் பிற்பாடு அவள் கேமராவுக்கு ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுத்தேன். நீ தூக்கிக்கொண்டிருந்ததில் எதுவும் அவ்வளவு சின்னது இல்லை.

சந்திலிருந்து வெளியே வந்தவன் பஸ்ஸையும் ஆட்டோவையும் மறந்து லஸ் வரைக்கும் நடந்தேன். மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்தது. அப்படி ஒரு மூச்சு விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபமும் வந்தது. ஐந்து வருடம் காத்திருந்தாய், சரி. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே? "மச்சி, ரெண்டு பேரும் மாறலாமா?" என்று கேட்டிருந்தால் நான் என்ன, மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன்தான். மூக்கும் சிவந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை போல.

மறுநாளே போய் மாற்றினேன். பழைய லென்ஸ்களை ஒரு வளையம் போட்டுப் புதிய கேமராவில் மாட்டலாம் என்றார்கள். மாட்டலாம், கனம் குறையாதே. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு லேசானவையாக எடுத்துக்கொண்டேன். என்னுடையதும் மிரர்லெஸ்தான், ஆனால் ஃபுல் ஃபிரேம். சென்சார் விஷயத்தில் உன்னிடம் தோற்க மாட்டேன். செல்விக்குப் போன் செய்து, தை முதல் கல்யாணத்துக்கு உன் கேமராவோடு வா, அன்றைக்கு நானும் என்னுடையதைக் கொண்டு வருகிறேன், அதுவரை மார்கழிதானே, கல்யாணம் எதுவும் இல்லை என்றேன். ஏன் ஒரே நாள் என்று அவள் கேட்கவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் மண்டபம். முதல்நாள் மாலை ரிசப்ஷன். மேடையில் வீடியோ விளக்கு பளிச்சென்று இருந்ததால் ஃபிளாஷும் போடவில்லை. ஒரு பெரியவர் மனைவியோடு ஏறி, பரிசைக் கொடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். எடுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை நெளிந்தது. மாப்பிள்ளையின் கன்னம் வலித்திருக்கும். கடைசியில் பெரியவர் உதட்டை அசைக்காமல், "எடுக்கறியா இல்லியாப்பா?" என்றார்.

"எடுத்தாச்சு மாமா."

"சத்தமே வரலியே?"

"வராது மாமா. எடுத்தாச்சு."

நம்பாமல்தான் இறங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எடுத்தாச்சு, இறங்குங்க. எடுத்தாச்சு, அடுத்தவங்க. எதிர்ப்பக்கம் செல்வியும் அதையே பிடித்துக்கொண்டாள். பந்தி தொடங்குவதற்குள், நான் 'எடுத்தாச்சு' என்றால் அவள் லென்ஸ் மாற்றுகிறாள், அவள் சொன்னால் நான் மாற்றுகிறேன். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காலையில் தாரை வார்க்க உட்கார்ந்தார்கள். மேளம் நின்றது. என்னிடம் அகன்ற லென்ஸ். அன்றைக்குப் போலவே, கிட்டத்தில் எடுக்க மற்றதை மாட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் தலைகளுக்கு நடுவிலிருந்து செல்வியின் குரல் மெதுவாக வந்தது. "எடுத்தாச்சு." மாற்றினேன். "எடுத்தாச்சு" என்றேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "யாருப்பா அது, எனக்கு போட்டியா சொல்லிண்டு இருக்கறது?" என்றார். மணவறையே சிரித்தது. பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே கையை நீட்ட, அம்மா செம்பைச் சாய்த்தார். என்னிடமும் இருக்கிறது, செல்வியிடமும் இருக்கிறது.

கை வலிக்கவில்லை. தொண்டைதான் கட்டிக்கொண்டது. இலையில் உட்கார்ந்ததும் செல்வி, "இந்த சத்தம் கேட்டு மாத்தறத மொதல்ல யாருண்ணா கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் உன்னைப் பற்றி நான் அவளிடம் பேசியதே இல்லை. பேசினால் சமையல்கட்டு வரைக்கும் வர வேண்டுமே என்று பயம். அன்றைக்கு மாம்பலத்தில் நீ என் விலாவில் இடித்ததிலிருந்து ஆரம்பித்தேன். பாயசம் ஊற்றுகிறவர் இரண்டு தடவை வந்து திரும்பிப் போய்விட்டார். நான் உன்னைப் பார்த்துக் கத்திய இடம் வந்தபோதும் நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே போனேன்.